உடன்பிறந்தார் இழவும் காதற் புதினமும்: ‘பொன்னியின் செல்வன்’ குறித்த ஓர் ஆய்வு

காதலைப் பொருளாகக் கொண்டு எழும் புதினங்களில் சாவு புதியதன்று. காதலர் இருவருள் ஒருவர் மாய்தலும், பெற்றோர் மறைதலும், நண்பர் உயிர் நீத்தலும் தமிழ்ப் புதினங்களிற் பல்கிக் கிடக்கின்றன. ஆயின், உடன்பிறந்தான் ஒருவனை இழந்த துயரும் காதலும் ஒரே நெஞ்சில் ஒருங்கே நிகழ்வதாக அமைந்த கதைகள் மிகச் சிலவே. அவற்றுள் தலைமை வாய்ந்தது கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ என்பது நம் கருத்து. 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் தொடர்கதையாக வெளிவந்து, ஐந்து பாகங்களாக நூலுருப் பெற்ற இப்புதினத்தை வீரக்கதை என்றும், அரசியற் சூழ்ச்சிக் கதை என்றும், வரலாற்றுக் கதை என்றும் ஆராய்ந்தார் பலர். 2022, 2023 ஆம் ஆண்டுகளில் மணிரத்தினம் இயக்கிய திரைப்படங்கள் வெளிவந்தபின் இதனைப் பயில்வோர் தொகை மேலும் பெருகியுள்ளது. எனினும் ‘தமையனை இழந்த தங்கையின் கதை’ என்னும் நோக்கில் இதனை ஆராய்ந்தார் அரியர். அந்நோக்கில் ஆராயின் நூலின் சிறப்பு ஒன்றும் குறை ஒன்றும் ஒருசேரப் புலப்படும். அவ்விரண்டனையும் எடுத்துக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. இலக்கணத்தில் உடன்பிறப்பு

அழுகை என்னும் மெய்ப்பாடு தோன்றுதற்குரிய நிலைக்களன்கள் நான்கு என்பது தொல்காப்பியர் கருத்து. இழவு, இளிவு, அசைவு, வறுமை என்பன அவை. இவற்றுள் இழவு என்பதற்கு விளக்கம் கூறும் பேராசிரியர், தாய் தந்தை முதலாய சுற்றத்தாரை இழத்தலை முதற்கண் வைக்கிறார். உடன்பிறந்தார் ‘முதலாய’ என்னும் சொல்லுள் அடங்குவர். புறத்திணையியலிற் காஞ்சித்திணைக்குரிய துறைகளை நோக்கினும் நிலைமை இதுவே. கணவனை இழந்த மனைவிக்குத் துறை உண்டு. மனைவியை இழந்த கணவனுக்குத் துறை உண்டு. மகனொடு மாயும் தாய்க்குத் துறை உண்டு. இறந்துபட்டவனைச் சூழ்ந்து அரற்றும் சுற்றத்தார்க்கும் துறை உண்டு. தமையனை இழந்த தங்கைக்கோ, அண்ணனை இழந்த தம்பிக்கோ தனித்துறை வகுக்கப்படவில்லை.

அகத்திணையிலும் உடன்பிறந்தார்க்கு உரிய இடம் வேறு வகையினது. ஆண்டுத் தலைவியின் தமையன்மார் ‘தன்னையர்’ எனப்படுவர். அவர் காவல் புரிவோர், சினந்து எழுவோர், களவொழுக்கத்திற்குத் தடையாவோர். அவர்தம் வரவை அஞ்சுதலே தலைவிக்கும் தோழிக்கும் தொழில். தன்னையர் இறப்பின் தலைவி என்செய்வாள் என்னும் வினா அகப்பாடல்களில் எழ இடமே இல்லை.

எனவே, இலக்கண மரபு உடன்பிறந்தார் இழவைப் பொதுவில் அடக்கியது. காதல் மரபு அவரைத் தடையாக நிறுத்தியது. இவ்விரு மரபுகளையும் பின்னணியாகக் கொண்டு நோக்கினாலன்றிக் கல்கி செய்த புதுமை விளங்காது.

2. காப்பியத்தில் உடன்பிறப்பு

இலக்கணம் சுருக்கியதைக் காப்பியம் விரித்தது. கம்பராமாயணத்தில் உடன்பிறந்தார் இழவு இரண்டு இடங்களிற் பெருகி நிற்கிறது. வாலி வீழ்ந்துழிச் சுக்கிரீவன் அழுகிறான். இராவணன் வீழ்ந்துழி வீடணன் அரற்றுகிறான். இவ்விருவருக்கும் பொதுவாயதொன்று உண்டு. யாருக்காக அழுகின்றனரோ அவர் வீழ்ச்சிக்கு இவர்களே துணை நின்றனர். வாலியைப் போருக்கு அழைத்தவன் சுக்கிரீவன். இலங்கையின் மறைபொருள்களைப் பகைவர்க்கு உரைத்தவன் வீடணன். ஆதலின் அவர்தம் அழுகையில் இழவு மட்டுமன்றிக் குற்றவுணர்வும் கலந்துள்ளது. உடன்பிறந்தார் இழவுக்குரிய தனிப்பண்பு இது எனலாம். பெற்றோர் இறப்பு முறைப்படி நேர்வது. மக்கள் இறப்பு முறை பிறழ்ந்தது. உடன்பிறந்தார் இறப்போ, ‘அவன் போக யான் நின்றேன்’ என்னும் ஒப்புநோக்கைத் தவிர்க்கவொண்ணாமற் கிளப்புவது. எஞ்சி நிற்றலே ஒரு குற்றமாகத் தோன்றும் இழவு இஃது ஒன்றேயாம்.

கிரேக்க நாடகாசிரியர் சோபோகிளிசு இயற்றிய ‘அந்திகோனி’ ஈண்டு ஒப்புநோக்கத் தக்கது. தமையன் உடலுக்கு நல்லடக்கம் மறுக்கப்பட்டபோது, அரசாணையை மீறி அதனைச் செய்யும் தங்கை அவள். மணம் பேசப்பட்ட காதலன் ஒருவன் இருக்கவும், அவனோடு வாழும் வாழ்வினும் தமையனுக்குச் செய்யும் கடனையே மேலாகக் கொண்டாள். காதலும் உடன்பிறப்பும் மோதும் இடத்தில் எது வெல்லும் என்னும் வினாவிற்கு அந்நாடகம் விடையை ஐயமின்றிக் கூறிவிடுகிறது. கல்கியின் புதினத்திலும் அதே வினா எழுகிறது. விடை யாது என்பதைப் பின்னர்க் காண்போம்.

3. நாட்டார் வழக்கில் உடன்பிறப்பு

இலக்கணம் தனித்துறை வகுக்காத இவ்விழவிற்கு நாட்டுப்புறத்து ஒப்பாரி தனியிடம் தந்துள்ளது. கள்ளக்குறிச்சி வட்டாரத்து ஊர்ப்புறங்களிலும் தமிழகத்தின் பிற பகுதிகளிலும் மகளிர் பாடும் ஒப்பாரிகளிற் ‘கூடப்பிறந்த பிறப்பு’ பற்றியவை தனிச்சுவை உடையன. மணமாகிச் சென்ற பெண்ணுக்குப் பிறந்தவீடு என்பது பெற்றோர் காலத்திற்குப்பின் உடன்பிறந்தானே. சீர் கொணர்பவன் அவன். அவள் மக்களுக்குத் தாய்மாமனாக நின்று முறை செய்பவன் அவன். நல்லதற்கும் கெட்டதற்கும் கோடித் துணி எடுத்து வருபவன் அவன். அவன் மறையின் அவளுக்குத் திரும்பிச் செல்லும் வழி அடைபட்டுப் போகிறது. இதனை ஒப்பாரி பாடும் மூதாட்டியர் நன்கு அறிவர். ஆதலின் அவர்தம் பாடல்களில் உடன்பிறந்தான் தனியொருவனாக அன்றி, ஒரு வீடாகவும் ஊராகவும் வாயிலாகவும் உருவகிக்கப்படுகிறான்.

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே எழும் கல்வராயன் மலையிலும் இவ்வுணர்வின் வேறொரு வடிவத்தைக் காண்கிறோம். அங்கு வாழும் மலையாளி மக்கள் தமிழ் பேசுவோர். காஞ்சியிலிருந்து புறப்பட்ட உடன்பிறந்தார் மூவர் பிரிந்து வெவ்வேறு மலைகளிற் குடியேறினர் என்பது அம்மக்களிடை வழங்கும் குடிவரலாறு. பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்றே அம்மூவரையும் குறிப்பர். இது சாவைப் பற்றிய கதையன்று, பிரிவைப் பற்றியது. எனினும் ஓரினத்தார் தம் தோற்றத்தைச் சொல்லும்போது உடன்பிறந்தார் ஒருவரையொருவர் இழந்த நிகழ்ச்சியிலிருந்து தொடங்குவது கருதத்தக்கது.

ஆக, செவ்விலக்கியம் குறைவாகச் சொன்ன இடத்தில் மக்கள் வழக்கு மிகுதியாகச் சொல்கிறது. மக்களுக்காக எழுதப்பட்ட வார இதழ்த் தொடர்கதை இவ்விரண்டனுள் எதன் வழியிற் சென்றது என்பது இனி எழும் வினா.

4. மலாட்டுப் பேரர்கள்

புதினத்துட் புகுமுன் அதன் வரலாற்றுக் களத்தை ஓரளவு நோக்குதல் வேண்டும். ஆதித்த கரிகாலன், குந்தவை, அருள்மொழி ஆகிய மூவரும் சுந்தர சோழரின் மக்கள். தாய்வழியில் இவர்கள் மலாட்டுப் பேரர்கள். இவர்தம் தாய் வானவன் மாதேவி மலையமான் குடியில் தோன்றியவள். அக்குடியின் தலைநகராகிய திருக்கோவலூர் 2019 ஆம் ஆண்டு நவம்பர் 26 அன்று தோற்றுவிக்கப்பட்ட கள்ளக்குறிச்சி மாவட்டத்துள் இன்று அடங்கியுள்ளது.

திருக்கோவலூர் வீரட்டானேசுவரர் கோயிலில் இராசராசன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உள்ளது. பாலுண்ணும் குழவியையும் பிரிந்து, கணவனோடு தீப்புகுந்தாள் வானவன் மாதேவி என்னும் செய்தி அதிற் கூறப்படுகிறது. பாரிமகளை மலையனுக்குக் கொடுத்தபின் கபிலர் தீப்புகுந்த செய்தியும் அக்கல்வெட்டிலேயே இடம்பெற்றுள்ளது. பெண்ணையாற்றின் நடுவேயுள்ள கபிலர் குன்று அந்நினைவைத் தாங்கி நிற்பது. தந்தையை இழந்த பாரிமகளிரும், தாய் தந்தை இருவரையும் ஒருசேர இழந்த சோழ மக்களும் ஒரே கல்லில் நினைக்கப்படுகின்றனர் என்பது எண்ணுந்தொறும் நெஞ்சை உருக்குவது.

தமையனைப் பற்றிய கல்வெட்டுச் சான்றோ வேறு தன்மையது. காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடி அனந்தீசுவரர் கோயிற் கல்வெட்டே கரிகாலன் கொலையுண்டமைக்கு நேர்ச்சான்று. 985 இல் முடிசூடிய இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டில் அது பொறிக்கப்பட்டது. பாண்டியன் தலைகொண்ட கரிகாலச் சோழனைக் கொன்ற துரோகிகளான சோமன், அவன் தம்பி இரவிதாசன், அவன் தம்பி பரமேசுவரன் ஆகியோரின் உடைமைகளும் அவர்தம் சுற்றத்தார் உடைமைகளும் பறிக்கப்பட்டமை அதன் பொருள். கொலையுண்டவனுக்கு ஒரு தம்பி. கொன்றவரும் அண்ணன் தம்பியர். தமையன் மறைந்து பல ஆண்டுகளுக்குப்பின் தம்பி வெளியிட்ட ஆணை நில உடைமையைப் பற்றிய ஆவணமாகவே அமைந்தது. அதில் துயரச் சொல் ஒன்றேனும் இல்லை. ஆவணத்தில் அதனை எதிர்பார்த்தலும் தகாது. ஆயினும் ஆட்சியின் தொடக்கத்திலேயே அவ்வாணை பிறந்தமை, அவ்விழவு ஆறாதிருந்தது என்பதற்குக் குறிப்பாகும்.

இக்கொலையில் உத்தம சோழனுக்குப் பங்கு உண்டோ என நீலகண்ட சாத்திரியார் ஐயுற்றார். சதாசிவ பண்டாரத்தார் அவ்வையத்தை மறுத்தார். கல்கி இவ்விரு கருத்துகளுக்கும் இடையே தம் கற்பனைக்கு வழி கண்டார். கொன்றவர் யார் என்பது உறுதிப்படாத இவ்விடைவெளியே காதலுக்கும் இழவுக்கும் முடிச்சுப் போட அவருக்கு இடம் கொடுத்தது.

5. கெடிலக்கரை

நான்காம் பாகமாகிய ‘மணிமகுடம்’ கெடிலக்கரையில் தொடங்குகிறது. கெடிலம் இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்துச் சங்கராபுரம் வட்டத்தில் தோன்றிக் கீழ்க்கடலை அடைவது. அதன் கரைப்பகுதியில் அமைந்தது சுந்தரர் பிறந்த திருநாவலூர். கடம்பூர் மாளிகைக்குச் செல்லும் கரிகாலனை அவன் பாட்டனாகிய மலையமான் ஆற்றங்கரையிற் சந்தித்துத் தடுக்க முயல்கிறார். பேரன் கேளாது செல்கிறான்.

இந்நிகழ்ச்சிக்கு அக்கரையினும் பொருந்திய களம் வேறில்லை. முதற் பராந்தகனின் மூத்த மகன் இராசாதித்தன் திருமுனைப்பாடி நாட்டிற் படையுடன் தங்கியிருந்தவன். திருநாவலூர் அவன் பெயரால் இராசாதித்தபுரம் எனவும் வழங்கப்பெற்றது. அவன் 949 இல் தக்கோலப் போரில் யானைமேலிருந்தே உயிர் நீத்தான். அவனுக்குப்பின் ஆட்சி தம்பி கண்டராதித்தனை அடைந்தது. மூத்தவன் மாய இளையோர் எஞ்சுதல் என்னும் அவலம் சோழர் குடியில் ஒரு தலைமுறைக்குமுன் இந்நிலத்தொடு தொடர்புற்று நிகழ்ந்ததே. இதனை அறிந்தார்க்குக் கெடிலக்கரைக் காட்சி, கரிகாலன் முடிவை முன்னரே உணர்த்தும்.

பாட்டன் தடுத்தலைக் காட்டிய கல்கி, தங்கை தடுத்தலையும் காட்டுகிறார். கடம்பூருக்குச் செல்லாதபடி தமையனைத் தடுக்குமாறும், அஃது இயலாவிடின் அவனை விட்டு அகலாது காக்குமாறும் குந்தவை வந்தியத்தேவனை அனுப்புகிறாள். காதலன்பால் அவள் ஒப்படைத்த பெரும்பணி தமையன் உயிரே. இதுவே புதினத்தின் உயிர்நாடி என்பது நம் துணிபு.

6. தமையன் தந்த காதல்

குந்தவைக்கும் வந்தியத்தேவனுக்கும் காதல் விளைந்த முறையை நுணுகி நோக்குதல் வேண்டும். கரிகாலன் கொடுத்த ஓலையைச் சுமந்துகொண்டே வந்தியத்தேவன் காஞ்சியிலிருந்து புறப்படுகிறான்; அவ்வோலையைச் சேர்ப்பிக்கும் பொருட்டே குந்தவையைக் காண்கிறான். தமையனின் தூது தங்கையின் காதலாகிறது. அகமரபில் தடையாக நின்ற தன்னையர் இடத்தில், அறியாமலே காதலைக் கூட்டுவித்த தமையனைக் கல்கி நிறுத்துகிறார். மரபு தலைகீழாக மாறிய இடம் இது.

பழைய மரபின் தன்னையரும் இப்புதினத்தில் இல்லாமற் போகவில்லை. கடம்பூர்ச் சம்புவரையர் மகன் கந்தமாறன் அவ்வகையினன். தங்கை மணிமேகலையை நண்பனுக்குத் தருவதாகக் கூறிப் பின்னர் மறந்துவிடுமாறு சொல்பவன். ஐயுற்றுச் சினந்து பகைப்பவன். காதலைக் கூட்டுவித்த தமையன் ஒருபாலும், காதலைக் கெடுத்த தமையன் ஒருபாலுமாக இருவரையும் எதிரெதிர் நிறுத்தியமை கதையமைப்பின் திறமாகும்.

கரிகாலன் காதலிலும் உடன்பிறப்பு என்னும் முறை வந்து குறுக்கிடுகிறது. இளமையில் அவன் நந்தினியை விரும்பினான். அரண்மனை மகளிர் அவளை விலக்கினர். குந்தவையின் செருக்கும் அவ்விலக்கத்திற்கு ஒரு காரணம். பின்னர் வீரபாண்டியனுக்கு உயிர்ப்பிச்சை கேட்டு நந்தினி மன்றாடவும் கேளாது அவள் கண்முன்னரே அவனை வெட்டுகிறான் கரிகாலன். அதன்பின் நந்தினி தம் தமக்கையாக இருக்கக்கூடும் என்று நம்பும் குந்தவை, அச்செய்தியை வந்தியத்தேவன் வாயிலாகவே தமையனுக்கு அறிவிக்கிறாள். காதலி உடன்பிறந்தாள் எனக் கேட்ட கரிகாலன் மனநிலை உயிர் வாழ்தலில் விருப்பற்றதாகிவிடுகிறது. அவனைக் காக்க வேண்டி அனுப்பிய செய்தியே அவன் அழிவை விரைவுபடுத்தியது என்றல் மிகையாகாது.

எனவே கம்பரின் சுக்கிரீவனையும் வீடணனையும் போலவே குந்தவையும் தமையன் வீழ்ச்சியிற் பங்குடையவள் ஆகிறாள். வேறுபாடு யாதெனின், அவர்கள் அறிந்து செய்தனர். இவள் அன்பினாலும் அறியாமையாலும் செய்தாள். அவலச்சுவைக்கு இதனினும் சிறந்த நிலைக்களன் அரிது.

7. தடைப்பட்ட அழுகை

இத்துணை வலிய அடித்தளம் அமைத்த ஆசிரியர் அதன்மேல் எழுப்பியது யாது? ஐந்தாம் பாகமாகிய ‘தியாக சிகரம்’ தொண்ணூற்றோர் அத்தியாயங்கள் கொண்டது. கரிகாலன் கடம்பூர் மாளிகையில் நள்ளிரவிற் கொலையுண்டு கிடக்கிறான். அவன் உடலருகே இருந்தமையால் வந்தியத்தேவன்மேற் பழி விழுகிறது. அவன் பாதாளச் சிறையில் அடைக்கப்படுகிறான். குந்தவையின் நிலையை எண்ணுக: தமையன் இறந்தான், அவனைக் கொன்றவன் என்று உலகம் சுட்டுவது தான் காதலிப்பவனை, அவனை அங்கு அனுப்பியவளும் தானே. தமையனுக்காக அழுதால் காதலன்மேற் சினம் கொள்ளல் வேண்டும். காதலனுக்காக அஞ்சினால் தமையனை மறந்தவள் ஆவாள். காதற் புதினத்தில் உடன்பிறந்தார் இழவு எய்தக்கூடிய உச்சநிலை இதுவேயாம்.

ஆயின், இவ்வுச்சியில் ஆசிரியர் நெடுநேரம் நிற்கவில்லை. குந்தவை அழாதவள் அல்லள். சுந்தர சோழர் துயரும் உருக்கமாகவே கூறப்படுகிறது. எனினும் அவ்வழுகை தனித்து நின்று கேட்கப்படும் இடம் மிகச் சிறிது. கொன்றவர் யார், சிறையிலுள்ளவன் தப்புவானா, முடி யாருக்கு, கொடும்பாளூர் வேளாரும் மலையமானும் பழுவேட்டரையரோடு பொருவரோ என்னும் வினாக்கள் அடுத்தடுத்து எழுந்து அவ்வழுகையை மூடிவிடுகின்றன. குந்தவையின் ஐயம், அதாவது ‘ஒருகால் இவனே கொன்றிருப்பானோ’ என ஒரு கணமேனும் நெஞ்சு நடுங்கும் நிலை, விரிக்கப்பெறின் தமிழ்ப் புதினத்தில் ஒப்பற்றதோர் இடமாகியிருக்கும். ஆசிரியர் அவளுக்கு அவ்வையத்தை வளரவிடவில்லை. காதலன்மீது அவள் கொண்ட நம்பிக்கை காதலுக்குப் பெருமை தருவது. ஆயின் இழவின் ஆழத்தைக் குறைத்துவிடுவது. அந்திகோனி காதலினும் தமையனைப் பெரிதாகக் கொண்டாள். குந்தவை அத்தெரிவைச் செய்ய வேண்டிய நிலைக்கே உள்ளாகவில்லை.

வார இதழ்த் தொடர்கதையின் இயல்பே இதற்குக் காரணம் என்பர் சிலர். வாரந்தோறும் அடுத்த நிகழ்ச்சியை எதிர்நோக்கும் படிப்பாளர்க்கு நீண்ட அழுகை சலிப்பூட்டும் என்பது அவர் கருத்து. இஃது ஓரளவே பொருந்தும். அதே ஆசிரியர் 1944 முதல் 1946 வரை அதே இதழில் ‘சிவகாமியின் சபத’த்தைத் தொடர்கதையாகவே எழுதினார். அதன் இறுதிப் பாகமாகிய ‘சிதைந்த கனவு’ சிவகாமியின் இழப்புணர்வைப் பொறுமையுடன் தாங்கிச் செல்கிறது. ஆதலின் தொடர்கதை வடிவம் தடையன்று. ஆசிரியர்க்கு ஆற்றலும் குறைவன்று. ஆண்டு இழந்தது காதல். ஈண்டு இழந்தது உடன்பிறப்பு. காதல் இழவை நின்று பாட நம் மரபில் வழிகள் பல இருந்தன. உடன்பிறந்தார் இழவுக்கு இலக்கணத்தில் துறை இல்லாமை போலவே புதினத்திலும் வழி அமைந்திலது. ஒப்பாரி மூதாட்டியர் அறிந்திருந்த அவ்வழியை அரசகுமாரியின் வாயில் வைக்க ஆசிரியர் துணியவில்லை. குறைக்கு உண்மைக் காரணம் இதுவென நாம் கருதுகிறோம்.

8. துறத்தலாகிய துயர்

குந்தவைபால் தடைப்பட்ட இழவு அருள்மொழிபால் வேறு வடிவில் வெளிப்படுகிறது. மக்களும் படையும் விரும்பிய மணிமுடியை அவன் தான் சூடாது, செம்பியன் மாதேவியின் உண்மை மகனாகிய சேந்தன் அமுதனுக்குச் சூட்டுகிறான். நூலின் இறுதிப் பாகம் ‘தியாக சிகரம்’ எனப் பெயர் பெற்றது இச்செயலாலேயே. இதனை அறநெறியின் உயர்வாகவும் அரசியல் நுட்பமாகவும் கண்டார் பலர். இவற்றொடு இஃது இழவின் வெளிப்பாடும் ஆகும் என்பது நம் கொள்கை. அம்முடி மூத்தவனுக்கு உரியது. அவன் கொலையுண்டமையால் தன்பால் வருவது. அதனை ஏற்றல் அவன் சாவினாற் பயன் கொள்ளுதலாகும். ‘அவன் போக யான் நின்றேன்’ என்னும் குற்றவுணர்வுக்கு முடியைத் துறத்தலே கழுவாய். பாதுகையை வைத்து ஆண்ட பரதன் நிலையும் இதனோடு உறவுடையதே. ஆயின் பரதன் அண்ணன் மீண்டு வருவான் என்னும் நம்பிக்கை உடையவன். அருள்மொழிக்கு அந்நம்பிக்கை இல்லை.

வரலாறும் இதனை ஓரளவு தாங்குகிறது. சிற்றப்பனுக்கு நாட்டின்மேல் விருப்பம் உள்ளவரையில் அருள்மொழி அதனை விரும்பவில்லை எனத் திருவாலங்காட்டுச் செப்பேடு கூறுகிறது. பின்னர் இராசராசனாகித் தஞ்சைப் பெரியகோயில் எடுத்தபோது, தான் கொடுத்தனவற்றை அடுத்துத் தன் ‘அக்கன்’ கொடுத்தனவற்றையும் கல்லில் வெட்டச் செய்தான். அவ்வக்கன் குந்தவை. அக்கோயிலில் அவள் தன் தந்தைக்கும் தாய்க்கும் படிமம் அமைத்தாள். மூவராகப் பிறந்து இருவராக எஞ்சியோரின் பற்று எத்தகையது என்பதற்கு அக்கல்வெட்டு சான்று பகர்கிறது. கல்லில் எழுதாது விடப்பட்ட மூன்றாமவரைப் பற்றி எழுதும் உரிமை கதையாசிரியர்க்கே உரியது.

9. இறுதியில் உதிர்ந்த மலர்

நூலின் இறுதி அத்தியாயம் மணிமேகலையின் சாவைக் கூறுவது. வந்தியத்தேவன்மேற் காதல் கொண்டு, அவனைக் காக்கும் பொருட்டுக் கொலைப்பழியைத் தன்மேல் ஏற்க முன்வந்து, சித்தம் கலங்கி உயிர் விடுகிறாள் அவள். பொதுவாக இதனை ஒருதலைக் காதலின் முடிவாகக் கொள்வர். ஆயின் இக்கட்டுரை எடுத்துக்கொண்ட நோக்கில் இதற்கு வேறொரு பொருளும் உண்டு. தமையனை இழந்த தங்கையைப் பற்றிய கதை, தங்கையை இழந்த தமையனோடு முடிகிறது. கந்தமாறன் தன் தங்கையின் காதலைக் கெடுத்தவன். அவள் துயர்க்குக் காரணமானவருள் ஒருவன். கம்பர் காட்டிய அக்குற்றவுணர்வு நூல் முடிவில் அவனுக்கு உரியதாகிறது. நண்பனை ஐயுற்றுப் பகைத்த அவனுக்கு இனி இழக்க வேறொன்றும் இல்லை.

குந்தவைக்கு மறுக்கப்பட்ட கண்ணீரை ஆசிரியர் மணிமேகலை பொருட்டுப் படிப்பாளர் கண்களில் வருவிக்கிறார் எனலாம். கரிகாலன் சாவினும் மணிமேகலை சாவே படித்தோர் நெஞ்சில் நெடுங்காலம் நிற்பதற்குக் காரணம் இதுவே. அடக்கப்பட்ட அழுகை உரிய இடத்தில் வெளிவராவிடின் வேறோர் இடத்தில் வெளிவந்தே தீரும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன இவை. இலக்கண மரபில் தனித்துறை பெறாத உடன்பிறந்தார் இழவைக் கல்கி காதலோடு பிணைத்துப் புதினத்தின் நடுமுடிச்சாக வைத்தார். தமையனின் ஓலையாற் பிறந்த காதல், தமையனைக் காவாது போன காதலாக முடிந்து, தமையனைக் கொன்ற பழியையும் சுமந்து நிற்கும் இவ்வமைப்பு தமிழ்ப் புதினத்தில் முன்னில்லாதது. இஃது அவர்தம் சிறப்பு. அம்முடிச்சைத் தங்கையின் நெஞ்சில் வைத்து அவிழ்க்காது, கொலையாளி யார் என்னும் வினாவில் வைத்து அவிழ்த்தார். பெரிய பழுவேட்டரையர் பழியைத் தாமே ஏற்றவுடன் காதலன் விடுவிக்கப்படுகிறான். தங்கையின் துயரும் அதனோடு தீர்ந்ததுபோல் ஆகிவிடுகிறது. இஃது அவர்தம் குறை. கொன்றவன் யார் என அறிதல் வேறு. இறந்தவனுக்காக அழுதல் வேறு. முன்னது முடிந்தபின்னரே பின்னது தொடங்கும்.

வரலாற்றுப் புதினங்களை ஆராயும் மாணாக்கர் கல்வெட்டுகளையும் செப்பேடுகளையும் ஒப்பிட்டு எது மெய், எது புனைவு எனக் காண்பதோடு நின்றுவிடுகின்றனர். அது வேண்டத்தக்கதே. அதனோடு நம் நாட்டு மகளிர் பாடும் ஒப்பாரிகளையும் ஒப்பிடுவாராயின், ஓர் ஆசிரியர் எதனைச் சொன்னார் என்பதோடு எதனைச் சொல்லாது விட்டார் என்பதும் விளங்கும். பெண்ணையாற்றங்கரையிலும் கெடிலக்கரையிலும் கல்வராயன் அடிவாரத்து ஊர்களிலும் அப்பாடல்களை அறிந்த மூதாட்டியர் இன்னும் உளர். குந்தவை பாடாத ஒப்பாரியை அவர்களிடமிருந்தே நாம் கேட்டறிதல் வேண்டும்.